விசா ரத்தானால் முறையிட வழி வேண்டாமா?

விழுப்புரம் மாவட்டத்தில் முகையூர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு விவசாயி, நிலத்தை அடகு வைத்து மகனை லண்டனுக்குப் படிக்க அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். படிப்பு பாதியில் இருக்கிறது. ஒரு நாள் மகனுக்குக் கடிதம் வருகிறது. “உன் விசா ரத்து. நாட்டை விட்டுப் போ!”

மகன் என்ன செய்வான்? அப்பா என்ன செய்வார்?

விசா என்பது ஒரு நாட்டுக்குள் நுழையவும் தங்கவும் அந்த நாடு தரும் அனுமதி. தருவதும் ரத்து செய்வதும் அந்த நாட்டின் உரிமை. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் “நான் தவறு செய்யவில்லை” என்று சொல்ல மாணவனுக்கு ஓர் இடம் வேண்டாமா?

100க்கு 97 பேர்!

2014-ம் ஆண்டு பிரிட்டனில் இது பெரிய விவகாரம் ஆயிற்று. விசாவுக்காக வெளிநாட்டு மாணவர்கள் எழுதும் ஆங்கிலப் பரீட்சையில் ஆள்மாறாட்டம் நடப்பதை பி.பி.சி. டெலிவிஷன் படம் பிடித்துக் காட்டியது. மோசடி நடந்தது உண்மை.

பரீட்சை நடத்திய கம்பெனி, பேசியவர்களின் குரல் பதிவுகளை ஆராய்ந்தது. சுமார் 58 ஆயிரம் பரீட்சைகளில் 33 ஆயிரத்துக்கு மேல் செல்லாது என்றது. 22 ஆயிரத்துக்கு மேல் சந்தேகம் என்றது. அதாவது, 100க்கு 97 பரீட்சைகள் மீது கறை! இப்படியும் இருக்குமா என்று கேட்க வேண்டாமா? அரசாங்கம் விசாக்களை ரத்து செய்யத் தொடங்கியது. இந்திய மாணவர்கள் பலரும் அதில் சிக்கினார்கள்.

பலருக்குச் சொல்லப்பட்டது இதுதான்: “முதலில் ஊருக்குப் போ. அங்கிருந்து அப்பீல் செய்!”

இது நியாயமா? வழக்கு லண்டனில். சாட்சி சொல்ல வேண்டியவன் கடல் கடந்து முகையூரில். நீதிபதி அவன் முகத்தைப் பார்ப்பது எப்படி? அவன் பேச்சைக் கேட்பது எப்படி?

2017 டிசம்பரில் லண்டன் அப்பீல் கோர்ட்டும் இதையே கேட்டது. இப்படிப்பட்ட வழக்கில் வெளிநாட்டிலிருந்து செய்யும் அப்பீல் போதிய பரிகாரம் ஆகாது என்று தீர்ப்பளித்தது.

2019-ல் அந்நாட்டுத் தணிக்கைத் துறை கணக்குப் பார்த்தது. அப்பீல் செய்தவர்களில் சுமார் 3,600 பேர் ஜெயித்திருந்தார்கள். எல்லோரும் குற்றமற்றவர் என்பதற்காக ஜெயித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும், அப்பீல் என்ற கதவு இல்லாவிட்டால் இவர்கள் கதி என்ன?

அமெரிக்காவில்...

2025-ல் அமெரிக்காவிலும் இதே கதை. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு மாணவர்களின் பதிவுகள் திடீரென்று நீக்கப்பட்டன. சிலர் மீது இருந்தது வெறும் போக்குவரத்துக் குற்றம்! மாணவர்கள் பல ஊர்களில் கோர்ட்டுக்குப் போனார்கள். பல நீதிபதிகள் இடைக்காலத் தடை கொடுத்தார்கள். ஏப்ரல் 25-ந் தேதி, பதிவுகளைத் திரும்பச் சேர்ப்பதாக அரசாங்கமே கோர்ட்டில் சொன்னது. கேட்டவர்கள் இருந்ததால்தான் இது நடந்தது.

தன் தவறைத் தானே பார்ப்பதா?

பிரிட்டனில் 2014-ம் ஆண்டுச் சட்டம் மாணவர்களின் அப்பீல் உரிமையை வெகுவாகக் குறைத்துவிட்டது. பெரும்பாலும் ‘மறுபரிசீலனை’தான் மிச்சம். அதைச் செய்வதும் அதே இலாகா. அதிகாரி மட்டும் வேறு. ரத்து செய்த இலாகாவே சரியா தப்பா என்று பார்த்தால் போதுமா? சம்பந்தம் இல்லாத நீதிபதி பார்ப்பதுதான் முறை.

நம் பிள்ளைகளும் சில விஷயங்களை மறக்கக் கூடாது. ரத்துக் கடிதம் வந்தால் பயந்து ஒளியக் கூடாது. கடிதத்தில் உள்ள காரணத்தையும், முறையிட வேண்டிய கடைசித் தேதியையும் முதலில் பார்க்க வேண்டும். கெடு தாண்டினால் நல்ல வழக்கும் தோற்றுவிடும். கல்லூரியில் உடனே சொல்ல வேண்டும். தேர்ச்சி பெற்ற வக்கீலைப் பார்க்க வேண்டும். “பணம் கொடு, முடித்துத் தருகிறேன்” என்னும் தரகரை நம்பக் கூடாது. பரீட்சைச் சீட்டு, கட்டண ரசீது, வருகைப் பதிவு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

ஆட்டைத் திருடினான் என்று ஒருவனைப் பிடித்தாலும், “நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்ட பிறகே ஊர்ப் பஞ்சாயத்து தீர்ப்புச் சொல்லும். ஒரு பிள்ளையின் படிப்பும் ஒரு குடும்பத்தின் நிலமும் பறிபோகும் விஷயத்தில், பெரிய நாடுகள் அந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டாமா?