மயிலம் காவடியும் லண்டன் கிட்டாரும்

சுசீலா ராமனின் குரலில் முதலில் காதில் படுவது அதன் கரகரப்பு. அடித்தொண்டையில் தொடங்கி, சொல்லை மென்று இழுத்து, மேலே ஏறும்போது சற்றே கிழிந்து வரும் குரல். சபாக் கச்சேரிகளிலேயே ஊறியவர்களிடம் போட்டுக் காட்டினால் அரை நிமிஷத்தில் முகம் சுளிக்கிறார்கள். "முறையாக் கத்துக்கிட்ட பொண்ணு, ஏன் இப்படிப் பாடுது?" என்று கேட்கிறார்கள். மயிலமும் மேல்மலையனூரும் மண்டகப்பட்டும் இருக்கிற இந்தப் பக்கத்தில் வளர்ந்த என் காதுக்கோ அந்தக் குரல் அந்நியமாகப் படவே இல்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டே அவருடைய ஆல்பங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன்.

பெற்றோர் தஞ்சாவூர்த் தமிழர்கள். 1960களில் இங்கிலாந்து போனவர்கள். சுசீலா 1973இல் லண்டனில் பிறந்தார். நான்கு வயதில் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. வீட்டில் கர்நாடக சங்கீதம். சிறு வயதிலேயே கச்சேரி மேடை. பதின்பருவத்தில் சிட்னியில் சொந்தமாக ஒரு ராக் குழு. அங்கிருந்து ப்ளூஸுக்கும் ஜாஸுக்கும் நகர்ந்தார். எத்தனையோ புலம்பெயர் பிள்ளைகள் இந்த இடத்தில் பாட்டு வகுப்பை விட்டுவிடுவார்கள். இவர் 1995இல் இந்தியா வந்து, இந்துஸ்தானி மேதை ஸ்ருதி சடோலிகரிடம் கற்றார். 1997இல் லண்டன் திரும்பி, வங்கத்துப் பாவுல் பாடகர் பபன் தாஸுடன் வேலை செய்திருந்த கிட்டார் கலைஞர் சாம் மில்ஸுடன் சேர்ந்தார். இன்றுவரை அவர் பாட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கிட்டார்தான் இருக்கிறது.

2001இல் வந்த 'சால்ட் ரெயின்' முதல் ஆல்பம். தீட்சிதர் கிருதியும் தியாகராஜரின் 'நகுமோமு'வும் ஒரு பக்கம். அமெரிக்கப் பாடகர் டிம் பக்லியின் பாட்டு இன்னொரு பக்கம். பிரிட்டனின் மெர்க்குரி பரிசுப் பட்டியலில் அது இடம்பிடித்தது. அடுத்த ஆண்டு பிபிசி ரேடியோ 3 புதுமுகக் கலைஞருக்கான விருதைத் தந்தது. 2003இன் 'லவ் டிராப்' ஆல்பத்தில் அவர் பாடிய பழைய இந்திப் பாட்டொன்று பிறகு மீரா நாயரின் 'தி நேம்சேக்' படத்திலும் ஒலித்தது. 2005இன் 'மியூசிக் ஃபார் குரோக்கடைல்ஸ்' ஆல்பத்தின் ஒரு பகுதியைச் சென்னையில் பதிவு செய்தார். 2007இல் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், பாப் டிலன், பீட்டில்ஸ் பாட்டுகளைத் தன் குரலுக்கு மாற்றி ஒரு முழு ஆல்பம். இவை ஒவ்வொன்றையும் விரித்துச் சொல்ல எனக்கு ஆசை இல்லை. என்னைப் பிடித்து உட்கார வைத்தது 2011இல் வந்த 'வேல்'.

'வேல்' ஆல்பத்தைப் பற்றிச் சொல்லுமுன் சோல் இசையைப் பற்றி ஒரு வார்த்தை. அது அமெரிக்கக் கறுப்பின மக்களின் தேவாலயத்திலிருந்து புறப்பட்ட இசை. அரேதா ஃப்ராங்க்ளின் டெட்ராய்டில் தன் தந்தை போதகராக இருந்த சபையில் பாடித்தான் பாடகியானார். ரே சார்லஸ் 1954இல் ஜெபப் பாட்டின் மெட்டையும் துடிப்பையும் எடுத்துக் காதல் பாட்டாக்கியபோது, சாமி பாட்டைக் கெடுத்துவிட்டான் என்று பக்தர்கள் கொதித்தார்கள். ஒருவர் கூப்பிட, கூட்டம் பதில் சொல்ல, வேகம் ஏற ஏறப் பாடுகிறவரின் தொண்டை உடைவது அந்தச் சபைகளின் வழக்கம். அங்கே உடைந்த குரல் குறையாகாது. ஆவி இறங்கிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

இதைப் படிக்கும் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக்காரர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை. பம்பைக்காரர் வர்ணிப்பதை நாம் கேட்டிருக்கிறோம். பம்பையும் உடுக்கையும் சிலம்பும் சேர்ந்து முடுக்க, அம்மனை ஊர் ஊராகப் பேர் சொல்லி அழைத்துக்கொண்டே வருவார். முதலில் பேச்சு மாதிரி இருக்கும். பிறகு கெஞ்சல், பிறகு அதட்டல், கடைசியில் தொண்டை கிழிய ஒரு கூப்பாடு. கூட்டத்தில் யாராவது ஒருத்திக்கு அருள் இறங்கும்வரை அவர் விடமாட்டார். பங்குனி உத்திரத்தில் மயிலம் மலையேறும் காவடிக்காரர்கள் பாடுவதும் இந்தக் குரலில்தான். விடிய விடிய நடக்கும் கூத்தில் துரியோதனன் வேஷக்காரர் எடுக்கும் உச்சக் குரலும் இதன் உறவுதான். நம் ஊர்ப் பக்தி எப்போதுமே உரத்த பக்தி. மைக்கும் சால்வையும் சபா நாற்காலியும் பிறகு வந்து சேர்ந்தவை.

சுசீலா ராமன் இதைத் தேடித்தான் வந்தார். சபா சங்கீதத்தோடு நிற்காமல், தமிழ்ப் பக்திப் பாட்டுகளைக் கோவை கமலாவிடம் கற்றார். கோயில் திருவிழா மேடைகளில் கணீரென்று பாடும் அந்தப் பரம்பரையிடம் லண்டன்காரி ஒருவர் போய் உட்கார்ந்ததை நான் பெரிய காரியமாக நினைக்கிறேன். 'வேல்' ஆல்பத்தின் முருகன் பாட்டுகளில் எலெக்ட்ரிக் கிட்டார் உறுமுகிறது. ஆனால் அந்தப் பாட்டுகள் மேலே ஏறும் விதம் பம்பைக்காரருடையது. மேடையில் 'என்னப்பனே' பாடும்போது தலைவிரி கோலமாக அவர் ஆடுவதைப் பார்த்து, வெளிநாட்டு ரசிகர்கள் ராக் பாடகியின் ஆவேசம் என்று எழுதலாம். மயிலத்தில் காவடிக்குப் பின்னால் நடந்தவர்கள் அதற்கு வேறு பெயர் சொல்வார்கள்.

கலப்படம் என்று கோபப்படுகிறவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட வேண்டும். முத்துசுவாமி தீட்சிதர் சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில், கோட்டையில் கும்பினிக்காரர்களின் பாண்டு வாத்தியம் வாசித்த மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு அம்மன் மேலும் பிள்ளையார் மேலும் சமஸ்கிருதச் சாகித்தியம் இயற்றினார். நோட்டுஸ்வரம் என்று குழந்தைகளுக்கு இன்றும் சொல்லித் தருகிறோம். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டுகூட அதில் உண்டு. அவருடைய தம்பி பாலுசுவாமி வெள்ளைக்காரரிடம் வயலின் கற்று வந்தார். இன்று வயலின் இல்லாமல் கர்நாடகக் கச்சேரி ஏது? தீட்சிதர் கிருதியோடு கிட்டாரைச் சேர்த்த சுசீலா, தீட்சிதர் குடும்பம் போட்ட பாதையில்தான் நடக்கிறார்.

மண்டகப்பட்டுக் குன்றைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே எண்ணம் வரக்கூடும். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் கோயில் எடுத்ததாக விசித்திரசித்தன் என்ற பட்டப்பெயரோடு பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் அங்கே கல்வெட்டில் சொல்கிறான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம் அது. அதுவரை கோயில் என்றால் எவையெல்லாம் அவசியமோ அத்தனையையும் தள்ளிவைத்தவன், தெய்வங்களை மாற்றவில்லை. தூண்களையும் போதிகைகளையும் கவனித்துப் பார்த்தால் அவற்றின் வடிவில் மரத்தச்சனின் கை தெரியும். பழைய தொழிலை முழுக்க அறிந்தவர்கள்தான் கல்லைக் குடைந்திருக்கிறார்கள். தம்புராவையும் மிருதங்கத்தையும் விட்டு வந்த சுசீலாவின் குரலில் கமகம் தங்கியிருப்பதும் அப்படித்தான். கற்காமல் கலந்தவர்களின் பாட்டும் ஏராளமாக வருகிறது. ஒரு புல்லாங்குழல் துணுக்கு, ஒரு ஆலாபனைத் துண்டு, கீழே டிரம்ஸ். அவற்றை இரண்டாம் முறை கேட்க எனக்கு மனம் வருவதில்லை.

'வேல்' ஆல்பத்துக்குப் பிறகும் அவர் நிற்கவில்லை. 2014இன் 'குயின் பிட்வீன்' பாகிஸ்தான் கவ்வாலிக் கலைஞர்களோடும் ராஜஸ்தான் இசைஞர்களோடும் உருவானது. 2018இன் 'கோஸ்ட் கேமலான்' ஜாவாவின் வெண்கல வாத்தியங்களோடு. கடல் கடந்து தமிழ் வம்சாவளிப் பெண்கள் செய்கிற இசையில் எம்.ஐ.ஏ. பெயர் நமக்குத் தெரிந்திருக்கிறது. 2007இன் 'காலா' ஆல்பத்தில் உறுமி முழங்கியதைப் பலர் கேட்டிருப்பார்கள். சுசீலா ராமனை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? பாரிஸில் அரங்கை நிறைத்த ஒருவருக்கு மயிலத்துப் பங்குனி உத்திர மேடையில் ஓர் இரவு கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை. முன்வரிசையில் பம்பைக்காரர்களை உட்கார வைக்க வேண்டும். பாதியில் அவர்களும் எழுந்து சேர்ந்துகொள்வார்கள்.

கேட்க நினைக்கிறவர்கள் 'சால்ட் ரெயின்' ஆல்பத்தின் 'நகுமோமு'வில் தொடங்கலாம். பழகிய மெட்டு என்பதால் குரல் எங்கே விலகுகிறது, எங்கே திரும்பி வருகிறது என்று பிடிபடும். பிறகு 2007இன் ஆல்பத்திலுள்ள ஹெண்ட்ரிக்ஸ் பாட்டு. 'வேல்' ஆல்பத்துக்கு வரும்போது இயர்போனைக் கழற்றிவிடுங்கள். ஸ்பீக்கரில், வாசல்வரை கேட்கிற மாதிரி வையுங்கள்.