இரத்தச் சோதனைச் சீட்டும் தலைவிதியும்

ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்துக் கொடுக்கும் சீட்டை நம் மக்களில் பெரும்பாலோர் ஜாதகத்தைப் போலவே பாவித்து வருகின்றார்கள். அதில் எழுதியிருப்பது இன்னதென்று அவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளத் தங்களுக்கு யோக்கியதை இல்லையென்றும் எண்ணிக்கொள்ளுகின்றார்கள். ஜாதகம் பொய், சீட்டு மெய். ஆனால் மெய்யையும் விளங்கிக்கொள்ளாமல் கும்பிட்டால் அதுவும் மூடநம்பிக்கையே என்று நாம் சொல்லுவோம்.

அச்சீட்டில் அப்படி என்ன மர்மம் இருக்கின்றது? பெரும்பாலும் மூன்றுவித அணுக்களின் கணக்குத்தான். சிவப்பணுக்கள் பிராணவாயுவைச் சுமப்பவை. அவற்றினுள் இருந்து அச்சுமையைத் தாங்கும் இரும்புச் சத்துள்ள பொருளே ஹீமோகுளோபின். வெள்ளையணுக்கள் நோய்க் கிருமிகளை எதிர்ப்பவை. பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சுமார் 4,000 முதல் 11,000 வரை இருக்கும். பிளேட்லெட் என்னும் தட்டணுக்கள் காயத்தில் இரத்தம் உறைய உதவுபவை. சுமார் 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்கும். இவ்வளவுதான் சங்கதி.

இவற்றுள் ஹீமோகுளோபின் என்ற ஒரு வரியை மாத்திரம் கவனிப்போம். கர்ப்பமில்லாத பெண்களுக்கு 100 மில்லி இரத்தத்தில் 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுள்ள இந்தியப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கும், தமிழ்நாட்டில் 53 பேருக்கும் இரத்தசோகை. அதாவது பாதிக்கு மேல்! ஒரு பெண் நாலு படி ஏறி மூச்சு வாங்கினால் "பெண் ஜென்மமே அப்படித்தான்" என்கின்றார்கள். மயங்கி விழுந்தால் தாயத்துக் கட்டுகின்றார்கள். ஆண்கள் உண்டு மிஞ்சியதை உண்பதும், மாதாமாதம் போகும் இரத்தமும், அடுத்தடுத்த பிரசவமும், கொக்கிப்புழுவும் செய்கின்ற வேலைக்குத் தலைவிதி என்று பெயர் வைத்தால் நோய் தீருமா என்று கேட்கின்றோம்.

அதே சீட்டில் எம்.சி.வி. என்றொரு வரி உண்டு. அது சிவப்பணுவின் சராசரிப் பருமன். சாதாரணமாக 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர். இரும்புச் சத்துக் குறைந்தால் அணு சிறுக்கும். பி12 அல்லது ஃபோலேட் சத்துக் குறைந்தால் பருக்கும். தலசீமியா என்னும் பரம்பரைக் கோளாறிலும் அணு சிறுக்கும். ஆகவே சோகை என்றதும் எல்லோருக்கும் ஒரே டானிக் என்பதும் அறியாமையேயாகும்.

ஒரு எண்ணைக் கொண்டு மாத்திரம் வியாதியை முடிவு கட்டிவிட முடியாது. சீட்டை நாமே படிப்பதென்றால் வைத்தியரைத் தள்ளிவிடுவதென்று அர்த்தமல்ல, "இது ஏன் குறைந்தது, என்ன செய்யவேண்டும்?" என்று அவரிடம் கேட்பதென்றே அர்த்தம். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதன் பொருளைத் தமிழில் அச்சிட்டுக் கொடுக்கவேண்டும். அதுவரை, அடுத்த முறை உங்கள் வீட்டுப் பெண்ணின் சீட்டு கைக்கு வந்தால், மடித்துப் பெட்டியில் வைக்காமல் முதலில் அந்த ஹீமோகுளோபின் வரியைப் படியுங்கள்.