ராட்சசனுக்கு முகமூடி எதுக்கு?

(டிஸ்கி: ராட்சசன், சித்தா, கார்கி, சுழல், விடாது கருப்பு, அந்த நாள், புதிய பறவை எல்லாத்தோட முடிச்சையும் இந்தப் பதிவுல அவுத்திருக்கேன். பார்க்காதவங்க பார்த்துட்டு வாங்க, பதிவு எங்கயும் ஓடிடாது. கொஞ்சம் நீளம் வேற. டீ எடுத்துட்டு வந்துடுங்க.)

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன் மக்களே. கொமரலிங்கம். அமராவதிக் கரை, ராஜவாய்க்கால் தண்ணி, கண்ணுக்கெட்டின வரைக்கும் நெல்லு, மிச்சத்துக்குத் தென்னை. பொட்டி தட்டுற வேலையிலிருந்து நாலு நாள் விடுதலை. மாட்டுப் பொங்கல் மத்தியானம் எல்லாரும் சாப்பிட்டுக் கவுந்து கிடக்கறப்ப டிவியில ராட்சசன். எத்தனையாவது தடவைன்னு தெரியலை. நான் 2018 அக்டோபர்ல ஹாஸ்டல் பசங்களோட தியேட்டர்ல ரெண்டு தடவை பார்த்தவன். அடுத்து எந்த ஷாட், எங்க மியூசிக் ஏறும் எல்லாம் மனப்பாடம்.

ஸ்கூல் வாத்தியார் இன்பராஜ் வர்ற காட்சி வந்தது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பொண்ணுங்களை மார்க்கை வெச்சு மிரட்டுற ஆளு. ஹால்ல பத்துப் பேரு இருந்தோம், ஒருத்தரும் பேசலை. சின்னம்மா மட்டும் "காப்பி வெக்கறேன்"னு எந்திரிச்சு உள்ளே போயிட்டாங்க. அப்ப பக்கத்துல உட்கார்ந்திருந்த அவங்க பொண்ணு, என் தங்கச்சி, டிவியைப் பார்த்துக்கிட்டே சொன்னா:

"இப்ப பாருண்ணா. இந்தாளை விட்டுட்டு பொம்மைக்காரனைத் தேடப் போயிருவாங்க."

எனக்குச் சுருக்குனு இருந்தது. எட்டு வருஷமா இந்தப் படத்தைக் கொண்டாடுறேன், இது எனக்கு ஒரு தடவைகூடத் தோணலை.

ராத்திரி பின்வாசல் திண்ணையில உட்கார்ந்து மிச்சத்தைச் சொன்னா. அவ ஆறாவது படிக்கறப்ப டியூஷன் எடுத்த ஆளு. ஊர்ல மரியாதைப்பட்டவரு, நாலு பேர் வீட்டு விசேஷத்துல முன் வரிசை. இவ வீட்ல சொல்லியிருக்கா. வீட்ல என்ன பண்ணாங்க? டியூஷனை மாத்திட்டாங்க. "வெளிய சொல்லிராத கண்ணு"ன்னுட்டாங்க. "அவரு அப்படியாப்பட்ட ஆளில்லியே"ன்னும் ஒரு பெருசு சொல்லியிருக்கு. அவ்வளவுதான். அந்த ஆளு இன்னமும் கல்யாணத்துல முன் வரிசைதான். (இதை எழுதட்டுமான்னு அவகிட்டயே கேட்டேன். "எழுதிக்க, என் பேரு போட்றாத"ன்னா. திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கா. என்னைவிட நல்லா வேலை பார்க்கறா.)

சரி, மேட்டருக்கு வருவோம். என் புகார் இதுதான். நம்ம த்ரில்லர்கள் ராட்சசனைத் தப்பான இடத்துல தேடுது. தெரியாம இல்லை, தெரிஞ்சே.

ராட்சசனையே எடுத்துக்குங்க. திரைக்கதை ராம்குமார். மனுஷன் செதுக்கியிருக்காரு, அதுல எனக்கு இன்னைக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனா அந்தப் படத்துல நிஜமாவே நம்ம தெருவுல இருக்கக்கூடிய ஒரே கெட்டவன் இன்பராஜ்தான். அவரை இயக்குநர் எதுக்குப் பயன்படுத்துறாரு? திசை திருப்பறதுக்கு. "இவன்தான்"னு நம்ம நம்பணும், அப்புறம் "இவன் இல்லை"னு ஏமாறணும். வேலை முடிஞ்சதும் கதையிலிருந்து கழட்டி விட்டுட்டு, கிஃப்ட் பாக்ஸ், பொம்மைத் தலை, மேஜிக் ஷோ, வேஷம்னு படம் வேற ஊருக்குப் போயிடுது. குழந்தைகளை நாசம் பண்றவன் வெறும் 'ரெட் ஹெர்ரிங்', பொம்மைக்காரன் மெயின் வில்லன். இதை நம்ம இன்டர்வெல் ட்விஸ்ட்னு சொல்லிக் கை தட்டினோம். நானும் விசில் அடிச்சேன்.

அந்த மெயின் வில்லன் யாரு? சின்ன வயசுலயே முதுமை வர்ற அபூர்வ நோய்க்காரன். ஸ்கூல்ல கேலி பண்ணாங்க, அதனால கொலைகாரன் ஆயிட்டான். முகம் வித்தியாசமா இருக்கறவனைப் பார்த்துப் பயப்படக் குழந்தைக்குச் சொல்லித் தர்றோம். ஒழுங்கா மழிச்சு, இஸ்திரி போட்ட சட்டையோட வர்றவருக்கு நாற்காலி போடறோம்.

இது ராட்சசனோட மட்டும் நிக்கற வியாதி இல்லை. 1978ல சிகப்பு ரோஜாக்கள்லயிருந்து ஒரு ஃபார்முலா ஓடுது. கொலைகாரனுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக், சின்ன வயசுல ஒரு காயம். 2020ல மிஷ்கினோட சைக்கோவும் அதே ரூட்டுதான். வரிசையா பொண்ணுங்க தலை போகுது, நம்ம கடைசியில கொலைகாரனுக்காக அழணும். அவன் ஃப்ளாஷ்பேக்குக்கு இருபது நிமிஷம் உண்டு. செத்துப் போன பொண்ணுங்க ஒருத்தியோட பேராவது படம் முடிஞ்சு வெளிய வர்றப்ப ஞாபகம் இருந்ததா?

இன்னும் வலிச்சது சித்தா (2023). எனக்குப் பிடிச்ச படம், அதனாலதான் வலி. கதை பழனியில நடக்குது. எங்க ஊர்ப் பக்கம். அந்தப் பேச்சு, அந்தத் தெரு, நகராட்சி வேலை பார்க்கற சித்தப்பன்னு அப்படியே பக்கத்து வீடு. முதல் பாதி இருக்கே, அண்ணன் மகளைத் தூக்கி வளர்த்தவன் மேலயே சந்தேகம் விழறது, அவன் தொட்டா அந்தப் பிஞ்சு மிரளுதோன்னு அவனே நடுங்கறது, தமிழ்ல அதுக்கு முன்னாடி யாரும் அதை அப்படி எடுத்ததில்லை. அப்புறம்? எங்கிருந்தோ ஒரு சைக்கோ. வேட்டை, ஓட்டம், அரிவாள். வீட்டுக்குள்ள ஆரம்பிச்ச கேள்விக்கு வெளியூர்க்காரன் ஒருத்தனை பதிலா கொடுத்து அனுப்பிட்டாங்க. நிமிஷா சஜயன் பாத்திரம் மட்டும் நடுவுல, போய் வெட்டறதை விட்டுட்டு குழந்தைகூட இருங்கற மாதிரி பேசுது. படமே அதைக் காதுல வாங்கலை.

"படத்தைப் படமாப் பாருடா வெண்ணெய்"னு ஒரு குரூப் கிளம்பும். தெரியும். நானும் அப்படிச் சொன்னவன்தான். ஆனா பயமும் ஒரு பழக்கம். யாரைப் பார்த்துப் பயப்படணும்னு யாராவது சொல்லிக் கொடுத்துக்கிட்டேதான் இருக்காங்க. 2018 மே மாசம், ராட்சசன் வர்றதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி, வாட்ஸப்ல பிள்ளை பிடிக்கறவங்க வந்திருக்காங்கன்னு ஒரு வதந்தி ஓடுச்சே, ஞாபகம் இருக்கா? திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வம் கும்பிடக் கார்ல போன குடும்பம், வழி கேட்க நிறுத்தினப்ப அங்கிருந்த குழந்தைகளுக்கு சாக்லெட் கொடுத்திருக்காங்க. ஊரே கூடி அடிச்சுது. வயசான ஒரு அம்மா செத்தே போனாங்க. தெரியாதவன், சாக்லெட், குழந்தை. மூணையும் சேர்த்தா என்ன வரும்னு அந்தக் கூட்டத்துக்கு யாரும் தனியா சொல்ல வேண்டியிருக்கலை. சினிமாதான் கத்துக் கொடுத்துச்சுன்னு நான் சொல்லலை. சினிமா அந்தப் பாடத்தை மாத்தவே முயற்சி பண்ணலைன்னு சொல்றேன்.

கணக்கு என்ன சொல்லுது? 2007ல மத்திய அரசோட பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் ஒரு ஆய்வு வெளியிட்டுச்சு. 13 மாநிலம், 12,447 குழந்தைங்க. பாதிக்கு மேல, 53 சதவீதம் சொச்சம், ஏதோ ஒரு வகையில பாலியல் தொல்லைக்கு ஆளானவங்க. தொல்லை கொடுத்தவங்கள்ல பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிஞ்சவங்க, இல்லை நம்பிக்கையான இடத்துல இருக்கறவங்க. மாமா, வாத்தியார், பக்கத்து வீடு. 2012ல போக்சோ சட்டமே வந்துச்சு. நம்ம ஸ்கிரிப்ட் டிஸ்கஷன்ல மட்டும் இன்னும் பொம்மைத் தலை.

பொள்ளாச்சிக்கு வர்றேன். எங்க ஊர்லயிருந்து உடுமலை ஒரு பஸ், உடுமலையிலிருந்து பொள்ளாச்சி இன்னொரு பஸ். 2019 பிப்ரவரியில ஒரு காலேஜ் பொண்ணு புகார் கொடுத்தப்ப வெளிய வந்தது என்ன? முகமூடியா, பாதாள அறையா? பைக்கும் செல்போனும் வெச்சிருந்த உள்ளூர் ஆம்பளைங்க. பழகி, நம்ப வெச்சு, வீடியோ எடுத்து மிரட்டினவங்க. நம்ம போற பஸ்ஸ்டாண்டு டீக்கடையில பக்கத்துல நின்னு டீ குடிச்சிருக்கக் கூடியவங்க. புகார் கொடுத்த பொண்ணோட பேரையே போலீஸ் அதிகாரி பத்திரிகைக்காரங்க முன்னாடி சொல்லிட்டாரு. உள்ளூர் போலீஸ், சிபிசிஐடி, சிபிஐன்னு வழக்கு கை மாறி, 2025 மே 13ந் தேதி கோவை மகளிர் நீதிமன்றத்துல ஒன்பது பேருக்கும் சாகும் வரைக்கும் ஆயுள் தண்டனை. பாதிக்கப்பட்ட எட்டுப் பேருக்கு 85 லட்சம் இழப்பீடு. ஆறு வருஷம் ஆச்சு.

அந்த 2019ல எங்க வீட்ல என்ன நடந்தது தெரியுமா? தங்கச்சியோட போனைப் பிடுங்கி பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டினாங்க. காலேஜுக்கு அவங்கப்பா வண்டியில கொண்டு போய் விட்டு, கூட்டிட்டு வந்தாரு. எங்க தெருவுல ஒரு பையனோட போனைக்கூட யாரும் வாங்கிப் பார்க்கலை. என்னோடதையும்தான். முன் வரிசை ஆளு அப்பவும் முன் வரிசையில உட்கார்ந்திருந்தாரு.

"நிஜத்தை அப்படியே எடுத்தா த்ரில் இருக்காது பாஸ்"னு அடுத்த வாதம் வரும். சுத்த ஜல்லி. தமிழ்ல அதுக்கு முன்மாதிரி 1954லயே இருக்கு. எஸ்.பாலசந்தர் எடுத்த அந்த நாள். பாட்டே கிடையாது. 1943ல மெட்ராஸ் மேல ஜப்பான்காரன் குண்டு போட்ட சமயம், சிவாஜியை யாரோ சுட்டுடறாங்க. பக்கத்து வீட்டுக்காரன், தம்பி, காதலின்னு ஆளாளுக்கு ஒரு கதை. கடைசியில சுட்டது பொண்டாட்டி. பத்து வருஷம் கழிச்சு புதிய பறவை, நம்ம இரக்கப்பட்டுக்கிட்டே இருந்த கதாநாயகனே கொலைகாரன். துப்பறியற கண்ணு வாசலுக்கு வெளிய போகவே இல்லை, வீட்டுக்குள்ளயே சுத்துது. பயம் குறைஞ்சுதா?

2022ல கார்கி வந்தது. அப்பா நிரபராதின்னு படம் முழுக்க சாய் பல்லவியோட நம்மளும் ஓடறோம். கடைசியில அப்பாதான். அந்த முகத்தைப் பார்க்க முடியாம நான் டிவியை நிறுத்திட்டு எந்திரிச்சுப் போனேன். ராட்சசன் ரெண்டு தடவை பார்த்தப்பவும் நான் சீட்டை விட்டு எந்திரிக்கலை. எது திகில் படம், சொல்லுங்க?

அதே வருஷம் ஜூன்ல சுழல். புஷ்கர்-காயத்ரி எழுதின சீரிஸ். எட்டு எபிசோடு, மயானக் கொள்ளைத் திருவிழா, சிமெண்ட் ஃபேக்டரி, தொழிற்சங்கம். திருவிழாவைக் கொஞ்சம் டூரிஸ்ட் கண்ணோட காட்டறாங்கன்னு எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. ட்ரோன் ஷாட்டைப் பாதியா குறைச்சிருந்தா ரெண்டு எபிசோடு மிச்சம். ஆனா முடிச்சு அவுறப்ப அங்க நிக்கறது யாரு? குமரவேல் நடிச்ச குணா. அந்த வீட்டு சித்தப்பா. பார்த்திபன் நடிச்ச அப்பா, ஊர் நியாயமெல்லாம் பேசற தொழிற்சங்கத் தலைவரு, தன் வீட்ல நடந்ததைப் பார்க்கலை. ஐஸ்வர்யா ராஜேஷ் பாத்திரம் வருஷக்கணக்கா ஏன் வீட்டை விட்டு விலகி நிக்குதுன்னு அப்பத்தான் புரியுது. தங்கச்சி இதை ஒரே ராத்திரியில எட்டு எபிசோடும் பார்த்து முடிச்சிருக்கா. நான் மூணாவது எபிசோடுல "ஸ்லோவா இருக்கு"ன்னு வாட்ஸப் ஸ்டேட்டஸ் போட்டேன். ஹி ஹி.

நான் பொறந்த காலத்துல வந்த விடாது கருப்புகூட (இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், யூட்யூப் புண்ணியத்துல பார்த்தது) ஊரெல்லாம் கருப்பசாமின்னு நடுங்கற விஷயத்தைக் கடைசியில ஊருக்குள்ளயே இருக்கற ஒரு ஆளோட பிளவுபட்ட மனசுன்னு முடிச்சது. அதுலயும் சின்ன வயசுக் காயம் உண்டு, ஒத்துக்கறேன். ஆனா சாமியைத் தேடிப் போனவங்க மனுஷன்கிட்ட வந்து நின்னாங்க. இப்ப எடுக்கறதெல்லாம் மனுஷனைத் தேடிப் போய் பூதத்துகிட்ட நிக்குது.

நான் த்ரில்லரே எடுக்காதீங்கன்னு சொல்லலைங்க. எனக்கு வாரத்துக்கு ரெண்டு கொலையாவது பார்க்கலைன்னா தூக்கம் வராது. இன்பராஜை இன்டர்வெல்லோட கழட்டி விடாதீங்கன்னுதான் கேக்கறேன். அவனை வெச்சே ஒரு முழுப் படம் எடுங்க. அந்த ஸ்கூல்ல மத்த வாத்தியாருங்களுக்குத் தெரியுமா, ஹெட்மாஸ்டருக்குப் புகார் போச்சா, எந்த அம்மா "வெளிய சொல்லிராத"ன்னு சொன்னாங்க, ஏன் சொன்னாங்க. இதுல இல்லாத சஸ்பென்ஸா?

போன வாரம் தங்கச்சிக்கு அந்த நாள் லிங்க் அனுப்பினேன். ஞாயித்துக்கிழமை சின்னம்மாவையும் பக்கத்துல உட்கார வெச்சுப் பார்த்திருக்கா. பாட்டு ஏன்டா இல்லைன்னு சின்னம்மா ரெண்டு தடவை கேட்டாங்களாம். தங்கச்சிகிட்டயிருந்து பத்தாவது நிமிஷத்துலயே எனக்கு மெசேஜ் வந்துடுச்சு: "பொண்டாட்டிதானே?"