காண்டாமிருகக் கொம்பை சட்டப்படி விற்கலாமா? செம்மரம் சொல்லும் பதில்!

அசாம் மாநிலம் போகாகாட்டில் 2021 செப்டம்பர் 22-ம் தேதி 2,479 காண்டாமிருகக் கொம்புகள் ஒரே நாளில் எரிக்கப்பட்டன. எரித்தது மாநில அரசு. அன்று உலக காண்டாமிருக தினம். முதல்வர் ஹிமந்த பிஸ்வ சர்மா முன்னிலையில்தான் தீ மூட்டப்பட்டது. கடத்தல்காரர்களிடம் பறிமுதல் செய்ததும், இறந்த விலங்குகளிடம் எடுத்ததுமாக பல ஆண்டுகள் கருவூலத்தில் பூட்டி வைத்திருந்த கொம்புகள் அவை.

கள்ளச்சந்தையில் கோடிக்கணக்கில் விலை போகும் பொருளை எதுக்கு எரிக்கணும்? வித்திருந்தா அந்தப் பணத்துல காட்டையாவது காப்பாத்தியிருக்கலாமே? கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரிகிறது. தென்னாப்பிரிக்காவில் இதே கேள்வி உச்சபட்ச நீதிமன்றம் வரை போனது. நமக்கும் இந்தக் கேள்வி புதுசில்லை. திருவண்ணாமலை மாவட்டம் செம்மரம் வழியாக இதற்கு ஏற்கெனவே ஒரு விலை கொடுத்திருக்கிறது.

விவரமாகப் பார்க்கலாம்.

கொம்பில் அப்படி என்ன இருக்கு?

நம்ம நகத்திலும் முடியிலும் இருக்கும் கெரட்டின் என்ற புரதம்தான். சீனாவிலும் வியட்நாமிலும் பாரம்பரிய மருந்து என்ற பெயரில் இதற்குத் தேவை இருக்கிறது. வியட்நாமில் பணக்காரர்களின் கௌரவப் பொருளாகவும் ஆகிவிட்டது. புற்றுநோயைக் குணமாக்கும் என்ற நம்பிக்கைக்கு அறிவியல் ஆதாரம் கிடையாது.

யானைத் தந்தம் ஒரு பல். எடுத்தால் திரும்ப வளராது. காண்டாமிருகக் கொம்பு அப்படியில்லை. மயக்க ஊசி போட்டு, அடிப்பகுதியை விட்டுவிட்டு வெட்டினால் மறுபடியும் வளரும். வேட்டைக்காரர்கள் அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. விலங்கைக் கொன்று, கொம்பை வேரோடு தோண்டி எடுத்துப் போகிறார்கள்.

‘வளர்வதை வெட்டி விற்றால் என்ன?’ என்ற வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

விற்கலாம் என்பவர்கள் சொல்வது என்ன?

அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான சைட்ஸ், 1977-லேயே காண்டாமிருகக் கொம்பின் சர்வதேச வணிகத்துக்குத் தடை போட்டுவிட்டது. ஆனாலும் தென்னாப்பிரிக்காவில் 2007-ல் 13 ஆக இருந்த வேட்டை, 2014-ல் 1,215 ஆனது. ‘தடை போட்டு என்ன பயன்?’ என்பது இவர்களின் முதல் கேள்வி.

அந்த நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட காண்டாமிருகங்கள் தனியார் பண்ணைகளில் இருக்கின்றன. காவலுக்கு ஆள், வண்டி, துப்பாக்கி என்று செலவு எகிறுகிறது. கொம்பை விற்க விட்டால் அந்தச் செலவை ஈடுகட்டலாம், சரக்கு அதிகம் வந்தால் விலையும் குறையும், வேட்டையும் குறையும் என்கிறார்கள் பண்ணை உரிமையாளர்கள். உள்நாட்டு விற்பனைக்கு அந்நாட்டு அரசு 2009-ல் போட்ட தடை நீதிமன்றத்தில் ரத்தானது. அரசின் மேல்முறையீட்டை 2017-ல் அரசியலமைப்பு நீதிமன்றமும் ஏற்கவில்லை.

ஆனால் வெளிநாட்டுக்கு விற்க இன்னும் அனுமதி இல்லை. எஸ்வாட்டினி நாடு 2016-லும் 2019-லும் சைட்ஸ் மாநாட்டில் அனுமதி கேட்டது. இரண்டு முறையும் பெரும்பாலான நாடுகள் நிராகரித்தன.

வேண்டாம் என்பவர்கள் சொல்வது என்ன?

முதலாவது, கலப்படம். பண்ணைக் கொம்பையும் வேட்டைக் கொம்பையும் தூளாக்கிவிட்டால் எது எதுன்னு கடைக்காரருக்கே தெரியாது. உலகின் மிகப்பெரிய காண்டாமிருகப் பண்ணையை நடத்திய ஜான் ஹியூம் மீது 2025 ஆகஸ்டில் வழக்கு தொடரப்பட்டது. உள்நாட்டு விற்பனை அனுமதிச் சீட்டைப் பயன்படுத்தி கொம்புகள் தென்கிழக்கு ஆசியாவுக்குக் கடத்தப்பட்டன என்பது குற்றச்சாட்டு. அது இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால் சட்டபூர்வ சீட்டு கடத்தலுக்கு மறைப்பாகலாம் என்ற அச்சம் எங்கிருந்து வருகிறது என்பது இதில் புரியும்.

இரண்டாவது, ஆசை. 2008-ல் நான்கு ஆப்பிரிக்க நாடுகள் சுமார் 100 டன் தந்தத்தை ஒரே ஒருமுறை அனுமதியின் பேரில் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் விற்றன. அடுத்த சில ஆண்டுகளில் யானை வேட்டை கடுமையாக உயர்ந்தது. அந்த விற்பனைதான் காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் சீனாவே 2017 இறுதியில் தந்தச் சந்தையை இழுத்து மூடிவிட்டது.

மூன்றாவது, இந்தியா. இங்கே பண்ணை கிடையாது. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி காண்டாமிருகம் முதல் அட்டவணை விலங்கு. கொம்பை வைத்திருப்பதே குற்றம். 2022 கணக்கெடுப்பில் காசிரங்காவில் மட்டும் 2,613 காண்டாமிருகங்கள். ஆளுயரப் புல்லிலும் சதுப்பிலும் திரியும் அவற்றைப் பிடித்து மயக்கி கொம்பு வெட்டுவது நடக்கிற காரியமில்லை. ஆப்பிரிக்கா விற்கத் தொடங்கினால் லாபம் அங்கே, வேட்டை அபாயம் இங்கே என்பதுதான் இந்தியாவின் கவலை.

செம்மரத்தில் என்ன நடந்தது?

செம்மரத்தின் கதை இதற்கு நெருக்கமானது. ஆந்திராவின் சேஷாசலம் காட்டுப் பகுதியில் இயற்கையாக வளரும் அபூர்வ மரம். வாங்குகிற பெரிய சந்தை சீனா. காட்டில் வெட்டுவது குற்றம். ஆனால் சட்டபூர்வ விற்பனை வழியும் உண்டு. பறிமுதல் செய்த செம்மரக் கட்டைகளை ஆந்திர அரசு 2014-ன் இறுதியில் உலக அளவில் ஏலம் விட்டது.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, 2015 ஏப்ரல் 7-ம் தேதி, சேஷாசலம் காட்டில் ஆந்திர சிறப்புப் படை சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அனைவரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். பெரும்பாலானோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்துக்காரர்கள். தங்களைத் தாக்கியதால் சுட்டதாகச் சொன்னது காவல்துறை. போலி என்கவுன்ட்டர் என்றன மனித உரிமை அமைப்புகள்.

ஏலத்தால்தான் அந்தச் சாவுகள் என்று சொல்ல முடியாது. ஆனால் அரசு ஏலம் விட்டதால் தரகர்கள் ஜவ்வாது மலைக்கு வருவதை நிறுத்தவும் இல்லை. கட்டைக்கு டன் கணக்கில் லட்சங்கள் பேசப்படும்போது, மரம் வெட்டப் போனவருக்குக் கிடைப்பது கூலி. பிடிபட்டால் ஜெயில், இல்லைன்னா குண்டு. மேலே இருக்கும் முதலாளிக்கு இரண்டும் இல்லை.

பட்டா நிலத்தில் வளர்த்த செம்மரத்தை ஏற்றுமதி செய்ய 2019-ல் மத்திய அரசு விதியைத் தளர்த்தியது. செம்மர வணிகத்தில் இந்தியா மீது இருந்த தீவிரக் கண்காணிப்பை 2023 நவம்பரில் சைட்ஸும் விலக்கியது. மரம் நட்டு வளர்த்த விவசாயிக்கு இது நல்ல செய்தி. ஆனால் நிலமே இல்லாத மலைக்கிராமத்து ஆளுக்கு இதில் என்ன இருக்கு?

அப்போ தடை மட்டும் போதுமா?

அதுவும் சுலபமில்லை. அசாமில் 2022-ல் ஒரு காண்டாமிருகம்கூட வேட்டையாடப்படவில்லை. 1977-க்குப் பிறகு இது முதல் முறை. நெருக்கமான ரோந்தும் கடும் காவலும் இதற்குப் பெரிய காரணம். ஆனால் துப்பாக்கிச் சூடு நடத்தும் வன ஊழியர்களுக்கு அசாம் அரசு 2010-ல் சட்டப் பாதுகாப்பு தந்தது. காசிரங்காவில் சந்தேகத்தின் பேரில் ஆட்கள் சுடப்படுகிறார்கள் என்ற விமர்சனமும் கூடவே வந்தது.

விற்காமலே வேட்டையைக் குறைக்கவும் ஒரு வழி இருக்கு. தென்னாப்பிரிக்காவின் குரூகர் வட்டாரத்தில் கொம்பு வெட்டப்பட்ட பிறகு வேட்டை சுமார் 78 சதவீதம் குறைந்ததாக 2025-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. விலங்கிடம் கொம்பு இல்லையென்றால் வேட்டைக்காரருக்கு லாபம் குறைவு, அவ்வளவுதான். ஆனாலும் மிச்சமிருக்கும் அடிக்கட்டைக்காகக் கொல்லப்படும் காண்டாமிருகங்களும் உண்டு.

கடைசியில் கேள்வி இதுதான்

கொம்பு விற்பனை விவாதம் அடுத்தமுறை செய்தியில் வரும்போது மூன்று விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். சட்டபூர்வ கொம்பையும் கடத்தல் கொம்பையும் பிரித்துக் காட்ட வழி இருக்கிறதா? விற்ற பணம் காட்டுக் காவலுக்கும் காட்டோர கிராமத்துக்கும் போகுமா? இரவில் காட்டுக்குள் போகிற ஆளுக்கு வேறு வேலை கிடைக்குமா?

முதல் இரண்டையும் நிபுணர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். மூன்றாவதுதான் பேச்சில் விடுபட்டுப் போகிறது. திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகம் இருப்பது வேங்கிக்காலில். அந்த மாவட்டத்து ஜவ்வாது மலைக்காரர்கள் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்க வருவது அங்கேதான். கூலி வேலைக்கு அந்த மலையிலேயே வழி இருந்தால், சேஷாசலத்துக்கு ஆள் தேடி வரும் தரகருக்கு வேலை குறையும். காசிரங்காவை ஒட்டிய கிராமங்களுக்கும் இது பொருந்தும். கொம்பை எரித்தாலும் விற்றாலும், இதைச் செய்யாவிட்டால் அடுத்து காட்டுக்குள் போக ஆள் கிடைத்துக்கொண்டேதான் இருப்பார்கள்.