அணைக்கும் எக்ஸ்பைரி டேட் வேணும்!

பால் பாக்கெட்டுக்கு எக்ஸ்பைரி டேட் இருக்கு. டிரைவிங் லைசென்ஸுக்கு இருக்கு. ஒரு ஆற்றையே மறிச்சு நிக்கிற அணைக்கு?

அமெரிக்காவில் இருக்கு. அங்கே தனியார், நகராட்சி, மாநில நிறுவனங்கள் நடத்தும் நீர்மின் நிலையங்களுக்கு லைசென்ஸ் கொடுப்பது ஃபெடரல் எனர்ஜி ரெகுலேட்டரி கமிஷன், சுருக்கமா ஃபெர்க். லைசென்ஸ் 30 முதல் 50 வருஷம் வரைதான். (மத்திய அரசே கட்டின ஹூவர் மாதிரி அணைகள் இதில் வராது.) முடியறதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடியே நிறுவனம் மறுபடியும் வேலையை ஆரம்பிக்கணும். அப்போ உள்ளே வர்றவர்தான் சுற்றுச்சூழல் நிபுணர்.

அவர் கையில் மைக்கோ பேனரோ இருக்காது. மீன் உயிரியல், ஹைட்ராலஜி, சிவில்னு ஏதாவது ஒண்ணு படிச்ச அரசு ஊழியர். அவர் கேட்கிற கேள்விகளைப் பாருங்க. தண்ணீரை பென்ஸ்டாக்ல திருப்பிட்டா, அணைக்கும் பவர்ஹவுஸுக்கும் நடுவுல ஆறு காய்ஞ்சு கிடக்குமா? குறைஞ்சது எத்தனை கனஅடி விடணும்? டர்பைன்ல இருந்து வர்ற தண்ணியில கரைந்த ஆக்சிஜன் எவ்வளவு? மீன் மேலே ஏற வழி இருக்கா? இது எல்லாமே நம்ம சிலபஸ்தான். மேனிங் ஃபார்முலாவை வெறும் 16 மார்க் கேள்வியா பார்த்த நமக்கு, அதோட விடையில ஒரு ஆறு உயிரோட இருக்குன்னு யாரும் சொன்னதில்லை.

எட்வர்ட்ஸ் அணையை எடுத்துக்கோங்க. மெய்ன் மாநிலம், கென்னபெக் ஆறு, 1837-ல கட்டினது. உற்பத்தி வெறும் 3.5 மெகாவாட், இன்னைக்கு ஒரு பெரிய காற்றாலை தர்ற அளவு. ஆனா கடல்ல இருந்து முட்டையிட மேலே வர்ற மீன்களுக்கு 160 வருஷமா கதவு மூடியே இருந்தது. 1986-ல சட்டம் திருத்தப்பட்டு, மின்சாரத்துக்குக் கொடுக்கிற கவனத்தை மீனுக்கும் சூழலுக்கும் சமமா கொடுக்கணும்னு ஆனது. கணக்குப் போட்டுப் பார்த்தா, மீன் ஏற வழி கட்டுறதை விட அணையை எடுக்கிறதே செலவு கம்மி. 1997-ல ஃபெர்க் லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. 1999 ஜூலை 1 அன்னைக்கு அணை உடைக்கப்பட்டது. மீன்கள் திரும்பி வந்தன.

"நீர்மின்சாரம் சுத்தமான எனர்ஜி, அதுக்கு எதுக்கு இத்தனை பேப்பர்?"னு கேட்பீங்க. நியாயமான கேள்விதான். இந்த நடைமுறை மெதுவானது, செலவும் அதிகம். ஆனா ஒண்ணு: பெரும்பாலான அணைகளுக்கு லைசென்ஸ் புதுசா கிடைக்கத்தான் செய்யுது, நிபந்தனைகளோட. அணையே வேண்டாம்னு யாரும் சொல்லலை. அம்பது வருஷத்துக்கு ஒரு தடவையாவது கணக்கைத் திரும்பப் பாருங்கன்னுதான் சொல்றாங்க. கரியை எரிக்கலைங்கிறதுக்காக ஆற்றைக் காயப்போட உரிமை வந்துடாது.

நம்ம ஊருக்கு வருவோம். 2006 அறிவிக்கைப்படி 25 மெகாவாட்டும் அதுக்கு மேலயும் உள்ள புது நீர்மின் திட்டத்துக்கு முன்கூட்டியே சுற்றுச்சூழல் அனுமதி வேணும். நல்லது. ஆனா அந்த அறிக்கையைத் தயாரிக்கிற கன்சல்டன்டுக்குச் சம்பளம் கொடுக்கிறதே திட்டத்தை நடத்துறவங்கதான். ஃபெர்க்கிலும் ஆய்வுகளை நிறுவனம்தான் செய்யுது. ஆனா அதை வச்சு முடிவான சுற்றுச்சூழல் அறிக்கை கமிஷனோட பேர்ல வருது, அதுக்குப் பொறுப்பு அரசு நிபுணர்கள். இன்னொண்ணு, அந்த அறிவிக்கை புதுத் திட்டத்துக்கும் விரிவாக்கத்துக்கும்தான். 1932-ல ஓட ஆரம்பிச்ச பைக்காரா மாதிரி பழைய நிலையங்களுக்கு "லைசென்ஸ் முடிஞ்சுது, திரும்ப வாங்க"ன்னு சொல்ற ஒரு தேதியே கிடையாது.

என் கருத்து ரெண்டே ரெண்டு. நம்ம அணைகளுக்கும் மறுஆய்வுத் தேதி வேணும். அந்த ஆய்வை எழுதுறவர் அரசுச் சம்பளம் வாங்குற, பயமில்லாம "இவ்வளவு தண்ணி விட்டே ஆகணும்"னு எழுதக்கூடிய பொறியாளரா இருக்கணும்.

அடுத்த தடவை இன்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு ஒரு பவர்ஹவுஸ் போனா, எத்தனை மெகாவாட்னு எல்லாரும் கேட்பாங்க. நீங்க கீழே ஆற்றுக்கு எத்தனை கனஅடி விடுறீங்கன்னு கேளுங்க. பதில் வரலைன்னா, அங்கே உங்களுக்கு ஒரு வேலை காத்திருக்குன்னு அர்த்தம்.