பில்லோடு வரும் பாதுகாப்புத் திட்டம்

கடைக்கு டீப் ஃப்ரீசரோ மின்னணுத் தராசோ வாங்கப்போகும் வணிக நண்பர்கள் கவனத்திற்கு. ‘கூடுதல் பாதுகாப்புத் திட்டம்’ என்று இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாயைப் பொருளின் விலையோடு சேர்த்தே சொல்லிவிடுகிறார்கள். அதைத் தனியாகப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை பாருங்கள்.

வீட்டு உபயோகப் பொருளைக் கடையில் வைத்தால் வாரண்டி செல்லாது என்று பல அட்டைகளில் பொடி எழுத்தில் இருக்கிறது. திட்டத்திலும் அதே நிபந்தனை இருந்தால் கட்டிய பணம் வீண். வோல்டேஜ் கோளாறும் எலி கடித்த வயரும் சேருமா என்று கேளுங்கள். நம் கடைகளில் நேர்வது அவைதானே! கம்ப்ரசருக்குப் பல கம்பெனிகள் முன்பே நீண்ட வாரண்டி தருகின்றன. அதையே மறுபடி விலைக்கு வாங்குவானேன்?

தராசுக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து. ஆண்டுதோறும் முத்திரை எப்படியும் போட்டாக வேண்டும். பழுதுபார்க்க சீலை உடைத்தால் மறுபடியும் முத்திரை. பழுது பார்ப்பவருக்கு எடையளவுச் சட்டப்படி உரிமம் வேண்டும். திட்டக்காரர் அனுப்பும் ஆளிடம் அது உண்டா?

கட்டணத்தின் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. காம்போசிஷன் முறையில் இருப்பவருக்கு அது திரும்பாது. தகராறு வந்தால், வணிகத்திற்காக வாங்கியவரை 2019 நுகர்வோர் சட்டம் நுகர்வோராகக் கொள்வதில்லை. சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியவருக்கு மட்டும் விலக்கு.

பால், ஐஸ்கிரீம் வியாபாரம் அதிகமுள்ளவர்கள், ‘ஒரே நாளில் ஆள் வருவார்’ என்று எழுதிக்கொடுத்தால் ஃப்ரீசருக்கு வாங்கலாம். கெட்டுப்போன சரக்கிற்கும் நஷ்டஈடு உண்டா என்று அதே தாளில் எழுதி வாங்குங்கள்.