கிழவனுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர்?

"பென்ஷன் வாங்குறவருக்கு எதுக்குங்க இவ்வளவு பெரிய கம்ப்யூட்டர்? செல்போன் போதாதா?" முள்ளுக்குறிச்சியில் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர்கள் கேட்காத நாளில்லை.

போதாது ஐயா! 1998 ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலை ஏறி, செம்மேட்டில் வல்வில் ஓரி விழாவைப் பிடித்த வீடியோ கேசட்டுகள் என்னிடம் இருக்கின்றன. மறைந்த என் மனைவி நடமாடுவது அவற்றில் மட்டும்தான். நாடாவில் பூஞ்சை ஏறுகிறது. அதைக் கணினிக்கு மாற்றி, கறை நீக்கி, வெட்டி ஒட்ட உள்ளங்கையளவு திரையா உதவும்? மகன் கொடுத்த மெல்லிய லேப்டாப் பாதியில் திணறி நின்றது. ராம் கூட்டலாமென்றால், போர்டோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்களாம். பழுதானால் தூக்கிப் போடு, புதிது வாங்கு. இதற்குப் பெயர் முன்னேற்றமாம்! மேசைக் கணினியில் மூடியைக் கழற்றினேன், 16 ஜிபி-க்குப் பக்கத்தில் இன்னொரு 16 ஜிபி செருகினேன், வேலை தீர்ந்தது. தூசியைக்கூட நானே பிரஷ்ஷால் தட்டுகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். 1955-ல் ஐ.பி.எம். நிறுவனத்துக்காகப் பேராசிரியர் ழாக் பெரே சொன்ன பெயர் 'ஒர்தினத்தர்'. ஒழுங்குபடுத்துபவர் என்று பொருள். கோப்பு அடுக்கியே நரைத்த குமாஸ்தாவுக்கு இதைவிடப் பொருத்தமான துணை ஏது?

இரண்டு கேசட் முடிந்தது. மூன்றாவதில் மழை, படம் நடுங்குகிறது.